காஜுன் சமையல்: டப்பாவில் மிச்சம் பிடித்து இறாலுக்குச் செலவழியுங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் லூசியானாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்ட இறாலும் சோளமும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கோடை விடுமுறையில் நானே செய்யலாம் என்று கடைக்குப் போனால் ‘காஜுன்’, ‘கிரியோல்’ என்று ஒரு அலமாரித் தட்டு நிறைய மசாலா டப்பாக்கள். எதை வாங்குவது? வீட்டுக்காரருக்கு பி.பி. வேறு இருக்கிறது.

பதில்: டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அமெரிக்காவில் சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும். ஓபலூசஸ் ஊரிலிருந்து வரும் பச்சை டப்பா டோனி சாஷெரீஸ், வில் பிளாட்டிலிருந்து வரும் மஞ்சள் டப்பா ஸ்லாப் யா மாமா, இரண்டிலும் முதல் பெயர் உப்பு. அதற்காக அவை மட்டமானவை என்று சொல்லவில்லை. லூசியானாவில் பல வீடுகளில் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அவர்கள் உப்புக்குப் பதிலாக அதைத் தூவுகிறார்கள். நாம் உப்பும் போட்டுவிட்டு, மசாலாதானே என்று இதையும் தாராளமாகப் போடுகிறோம்.

லேபிளில் இன்னொரு சங்கதி உண்டு. சோடியம் கணக்கைக் கால் டீஸ்பூனுக்குப் போட்டிருப்பார்கள். கால் டீஸ்பூனுக்கு 300 மில்லிகிராம் என்று இருந்தால், நான்கு பேர் சமையலுக்கு நீங்கள் போடும் இரண்டு டீஸ்பூனில் 2,400 வந்துவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு 2,300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அதை நான்காகப் பங்கிட்டாலும் தலைக்கு 600. சாசேஜ், ஹாட் சாஸ் எல்லாம் இதற்கு மேல்.

உங்கள் வீட்டுக்கு உப்பில்லாத வகைதான் சரி. ஆனால் உப்பில்லாதவை சிலவற்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களும், சில வகை பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

என்னைக் கேட்டால் டப்பாவே வேண்டாம். பாப்ரிகா இரண்டு டேபிள்ஸ்பூன், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி தலா ஒரு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் இரண்டு டீஸ்பூன், காய்ந்த தைம், ஆரிகனோ, கயேன் மிளகாய்த்தூள் தலா ஒரு டீஸ்பூன். கலந்து பாட்டிலில் போட்டு வைத்தால் கோடை முழுக்கக் கைகொடுக்கும். மிளகும் பூண்டுப் பொடியும் இந்தியக் கடைகளில் பெரிய பாக்கெட்டாக மலிவாகக் கிடைக்கும். பாப்ரிகா இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம். அதில் காரம் கூடுதல் என்பதால் கயேனைப் பாதியாக்குங்கள். உப்பை மட்டும் சமைக்கும்போது தனியாகப் போடுங்கள்.

காஜுனா, கிரியோலா என்று குழம்ப வேண்டாம். இப்போதைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்திலிருந்து 1755 முதல் பிரிட்டிஷார் துரத்தியடித்த பிரெஞ்சு மொழி பேசிய மக்களில் ஒரு பகுதியினர் தெற்கு லூசியானாவில் குடியேறினார்கள். அவர்கள் வழி வந்த நாட்டுப்புறச் சமையல் காஜுன். கிரியோல் என்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல். டப்பா விற்பவர்கள் இரண்டு பெயரையும் இஷ்டத்துக்கு ஒட்டுகிறார்கள். பொருள் லூசியானாவைச் சேர்ந்ததுதானா என்பது உங்களுக்கு முக்கியம் என்றால், அந்த மாநில வேளாண் துறை தரும் ‘சர்ட்டிஃபைட் காஜுன்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: உறைந்த இறால் பைகளில் 16/20, 31/40 என்று ஏதோ எண்கள் இருக்கின்றன. ‘காஜுன் ஸ்டைல்’ என்று போட்ட பை விலையும் குறைவு. எதை எடுப்பது?

பதில்: ஒரு பவுண்டுக்கு எத்தனை இறால் என்பதுதான் அந்த எண். எண் சிறியதாக இருந்தால் இறால் பெரியது, விலையும் ஏறும். சோளம், உருளைக்கிழங்கோடு வேகவைக்க 21/25 அல்லது 26/30 போதும். அதைவிடப் பெரியது விருந்தாளிக்குக் காட்டத்தான்.

இந்தச் சமையலில் காசைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இறால். லூசியானாக் கரையோரத்தில் மே கடைசி முதல் ஜூலை வரை பழுப்பு இறால், ஆகஸ்டிலிருந்து வெள்ளை இறால். கிராஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலின் சீசன் ஜூன் வாக்கில் ஓய்ந்துவிடும். கோடையில் அதைத் தேடி அலைய வேண்டாம். மளிகைக் கடையில் விற்கும் சமைக்காத இறாலுக்கு எந்த நாடு, கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று எழுதியே ஆக வேண்டும். வேகவைத்ததற்கும் மாவு பூசியதற்கும் இந்த விதி கிடையாது. ‘காஜுன் ஸ்டைல்’ என்பது மசாலாவைத்தான் சொல்கிறது, இறால் எங்கே பிறந்தது என்பதை அல்ல. அமெரிக்காவில் விற்கும் இறாலில் பெரும்பகுதி இறக்குமதி. அதில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது இந்தியா, அதிலும் குறிப்பாக ஆந்திரப் பண்ணைகள். படத்தில் லூசியானாச் சதுப்புநிலம் இருக்கும், உள்ளே நம் காக்கிநாடாவின் வன்னாமி என்ற பண்ணை இறால் இருக்கும்! சாப்பிடக் கூடாது என்பதில்லை. ஆனால் கடல் இறாலின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சேர்மானத்தில் சோடியம் டிரைபாலிஃபாஸ்பேட் இருந்தால் அந்தப் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள். அது இறாலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வாணலியில் போட்டதும் தண்ணீர் விட்டு, இறால் வறுபடாமல் அவியும். தண்ணீருக்கு இறால் விலை எதற்கு? ‘இறால், உப்பு’ என்று மட்டும் எழுதியதே நல்லது. ஓட்டோடு வாங்கினால் ஓட்டைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றிலேயே சோறு வடிக்கலாம்.

வெயிலில் அடுப்படியில் நிற்க விருப்பம் இல்லையென்றால், பாதி வெந்த சின்ன உருளைக்கிழங்கு, சோளத் துண்டுகள், இறால், கொஞ்சம் வெண்ணெய், மேலே சொன்ன பொடி இரண்டு டீஸ்பூன், அளவாக உப்பு எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி வெளியே கிரில்லில் பத்து நிமிடம் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. இந்தச் சமையலில் போடும் ஆண்டூயி என்ற புகையூட்டிய சாசேஜில் சிக்கன் வகை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் மேல் தோலைக் கவனியுங்கள். சில சிக்கன் சாசேஜ்களை அடைப்பது பன்றிக் குடல் உறையில். உள்ளே ஒரு விலங்கு, உறை வேறு விலங்கு என்றால் அதை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எழுத்து சின்னதாக இருக்கும், தேடிப் படியுங்கள்.

கேள்வி: ‘பிளாக்கன்ட்’ மீன் (மசாலா தடவி, அது கருக வறுப்பது) செய்ய நான்ஸ்டிக் வாணலி போதுமா? போன முறை புகை அலாரம் அலறிவிட்டது.

பதில்: நான்ஸ்டிக் கூடவே கூடாது. சுமார் 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். இந்தச் சமையலுக்குக் கல் அதைவிடச் சூடாக வேண்டும். வார்ப்பிரும்பு வாணலி ஒன்று வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல் இருந்தால் அதுவும் வேண்டாம். மறுநாள் தோசையில் மீன் வாசனை வந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

புகை வரத்தான் செய்யும். அதனால் இதை வெளியே கேஸ் கிரில்லில் செய்யுங்கள். மீனை உருகிய வெண்ணெயில் தோய்த்து, பொடி தடவி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். நியூ ஆர்லியன்சில் 1979-இல் கே-பால்ஸ் உணவகத்தைத் தொடங்கிய பால் புருடோம் பிரபலமாக்கிய முறை இது. அவர் பயன்படுத்திய ரெட்ஃபிஷ் என்ற மீனுக்குக் கிராக்கி எக்கச்சக்கமாகி, கடைசியில் அதைப் பிடிப்பதற்கே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்ஃபிஷ் (கெளுத்தி) எடுங்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரை அந்நாட்டு வகைக்கு மட்டுமே வைக்கலாம். வியட்நாமிலிருந்து வருவது ‘ஸ்வாய்’, ‘பாசா’ என்ற பெயர்களில் இருக்கும். அதன் விலையும் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: சைவத்தில் ஏதாவது உண்டா?

பதில்: கோடைக்கென்றே இருக்கிறது: மாக் ஷூ. புதுச் சோள முத்துகள், வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், தக்காளி, வெண்ணெய். வதக்கி இறக்க வேண்டியதுதான். வெண்டைக்காயும் அங்கே கோடைக் காய். தக்காளி போட்டு மூடி நிதானமாக வதக்குவார்கள். விரல் நீளத்துக்கு மேல் இருப்பதை வாங்காதீர்கள், நார் பாய்ந்திருக்கும். பெட்டியில் வரும் ஜம்பலாயா (லூசியானாச் சோறு வகை), ரெட் பீன்ஸ் கலவைகளில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம், படித்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: டபாஸ்கோ ஹாட் சாஸ் பெரிய பாட்டில் லாபமா?

பதில்: அவுன்ஸ் விலையைப் பார்த்தால் லாபம்தான். வினிகர், மிளகாய், உப்பு, அவ்வளவுதான் உள்ளே; சீக்கிரம் கெடாது, நாளாக ஆக நிறம் மட்டும் கருக்கும். ஆனால் நம் வீடுகளில் அந்தப் புளிப்பு எல்லோருக்கும் பிடித்துவிடாது. முதலில் சின்னதை வாங்கிப் பாருங்கள்.