ஏழு மாதத்தில் பயணம்: முதல் ஊசி இந்த வாரமே

கேள்வி: இந்த ஆண்டுதான் வேதியியலில் பட்டம் பெற்றேன். ஆப்பிரிக்க நாடு ஒன்றில், தலைநகரிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டுகள் தன்னார்வலராக அறிவியல் கற்பிக்க ஒரு தொண்டு நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கிளம்ப இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கடைசி ஒரு மாதத்தில் தயாரானால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். எதை எப்போது செய்ய வேண்டும்? வார இறுதியில் அங்குள்ள குழந்தைகள் இல்லத்திலும் உதவச் சொல்கிறது நிறுவனம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒரு மாதம் போதவே போதாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இந்த வாரம் தொடங்கினால் கிளம்புவதற்குள் மூன்றும் முடிந்துவிடும். மூன்று வாரத்தில் முடிக்கும் விரைவு அட்டவணையும் உண்டு, ஆனால் ஓராண்டு கழித்து இன்னொரு ஊசி போட்டாக வேண்டும். அப்போது நீங்கள் அந்தச் சிற்றூரில் இருப்பீர்கள். சிறுவயதில் முழுத் தவணையும் போட்டதற்குப் பதிவு இருந்தால் பெரும்பாலும் மறுபடி போட வேண்டியதில்லை. எனவே பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு ஒரு தவணை போதும். அதற்கான சர்வதேசச் சான்றிதழ் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஊசி போட்ட மையத்திலேயே நின்று சரிபாருங்கள்: பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா, ஊசி மருந்தின் தொகுதி எண் எழுதியிருக்கிறார்களா, மருத்துவரின் கையெழுத்தும் மையத்தின் அதிகாரபூர்வ முத்திரையும் இருக்கின்றனவா? ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ, அடித்துத் திருத்தியிருந்தாலோ செல்லாது என்று சொல்லும் உரிமை விமான நிலைய அதிகாரிக்கு உண்டு. தப்பு இருந்தால் திருத்தித் தரச் சொல்லாதீர்கள், புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி என்பதால், தட்டம்மை ஊசியும் பாக்கி இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு வார இடைவெளி கேட்பார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசியைப் பலர் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள். சிற்றூருக்குப் போகிறவர் விடக்கூடாது. ஏற்கெனவே ஊசி போடாதவரை நாய் கடித்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தையும் செலுத்த வேண்டும். அது பெரிய நகரங்களிலேயே எளிதில் கிடைப்பதில்லை. கிளம்பும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருந்தால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, கடித்த அன்றும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் என இரண்டு ஊசி போதும். எப்படியிருந்தாலும் முதல் வேலை, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும்.

மலேரியாவுக்கு மாத்திரைதான் முக்கியக் காவல். டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிப்போகும். மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்றுதான், ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, மனச்சோர்வு எல்லாம் வரும். அதனாலேயே இரண்டு மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்ற அவகாசம் இருக்கும். மனநலச் சிக்கல் முன்பு இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எந்த மாத்திரையும் நூறு சதவீதக் காப்பு அல்ல. கொசுவலை கட்டாயம். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஊருக்குத் திரும்பிய பின் வந்தாலும்கூட.

பல் மருத்துவரையும் இப்போதே பாருங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை அதன் பெட்டியோடும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, கவனக்குறைபாட்டுக்கான மாத்திரை போன்றவற்றைத் தடை செய்த நாடுகள் இருக்கின்றன. விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள்.

அடுத்தது காகிதங்கள். பணி முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அதாவது இன்றிலிருந்து மூன்று ஆண்டும் ஒரு மாதமும். குறைவாக இருந்தால் விசாவுக்கு முன்பே புதுப்பியுங்கள். பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருந்து பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும். பிற நாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961 ஹேக் உடன்படிக்கையில் போகும் நாடு இருந்தால், சான்றிதழ் உண்மையானது என்று அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும், அதற்குக் கூடுதலாக வாரங்கள் பிடிக்கும். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் முத்திரை வாங்கிய பிறகு செய்யுங்கள், முத்திரையையும் மொழிபெயர்க்கச் சொல்வதுண்டு. காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே வாங்காதீர்கள். சில மாதங்களுக்குள் வாங்கியதைத்தான் பெரும்பாலும் ஏற்பார்கள்.

'முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று நிறுவனம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் தொண்டு வேலையை வேலையாகவே கருதும் நாடுகள் பல. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான், நிறுவனம் அல்ல.

எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: உங்கள் மேற்பார்வையாளர் யார், எந்த வகுப்புக்கு எந்த மொழியில் பாடம், தங்குமிடம், உதவித்தொகை, இருவழி விமானச்சீட்டு யார் பொறுப்பு, விடுப்பு எத்தனை நாள், பாதியில் திரும்ப நேர்ந்தால் என்ன விதி. உங்களுக்கு முன் அங்கே பணியாற்றியவரின் தொடர்பையும் கேளுங்கள். தரத் தயங்கினால் காரணம் கேளுங்கள். உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் வேலையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் உங்களை அமர்த்துகிறார்களா என்பதையும் முன்பு பணியாற்றிய அந்தத் தன்னார்வலரிடம் விசாரியுங்கள். பள்ளியில் ஆய்வகம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வினிகர், சமையல் சோடா, செம்பருத்திச் சாறு வைத்துச் செய்யக்கூடிய சோதனைகளை இங்கிருந்தே செய்து பழகுங்கள். பாடத்திட்டத்தை இப்போதே வரவழைத்துவிடுங்கள்.

சேர்வதற்கே பெருந்தொகை கேட்டால், அது எதற்குச் செலவாகிறது என்று கணக்குக் கேளுங்கள். ஒப்பிட ஓர் அளவுகோல்: 1970 இல் தொடங்கப்பட்டு ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்துக்கோ பணியமர்த்தலுக்கோ கட்டணம் வாங்குவதில்லை, வாழ்க்கைப்படி தருகிறது. அதன் பெயரில் பணம் கேட்டு வரும் மின்னஞ்சல் மோசடிதான்.

குழந்தைகள் இல்லத்துக்கு மறுத்துவிடுங்கள். உங்கள் மனம் நல்லதென்று தெரியும், ஆனாலும் மறுத்துவிடுங்கள். இத்தகைய இல்லங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையைக் காட்டிப் பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வந்துகொண்டே இருந்தால் நன்கொடையும் வரும், இல்லங்களை நிரப்பக் குழந்தைகளும் தேவைப்படுவார்கள். வாராவாரம் மடியில் உட்கார்ந்து பழகிய அக்கா ஒரு நாள் வராமல் போவதை அந்தக் குழந்தை எத்தனை முறை தாங்கும்? பள்ளியில் மாலை வகுப்பு எடுக்கிறேன் என்று மாற்று யோசனையாகச் சொல்லிப் பாருங்கள். உங்களிடம் நன்னடத்தைச் சான்றிதழே கேட்காமல் குழந்தைகளோடு விடும் நிறுவனம் என்றால், பள்ளிப் பணியையும் சேர்த்தே மறுபரிசீலனை செய்யுங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு இரண்டாண்டுப் பயணத்தைப் பெரும்பாலும் ஏற்காது. நீண்டகாலத் தன்னார்வப் பணிக்கென்று எழுதப்பட்டதாக, அவசரத்தில் வேறு ஊருக்கோ நாட்டுக்கோ சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்பதாகப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு இருக்கிறதா என்று விதிகளில் தேடிப் படியுங்கள். வெளிநாட்டில் இளைஞர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் சாலை விபத்து முதல் வரிசையில் நிற்கிறது. உரிமமோ தலைக்கவசமோ இல்லாமல் பைக் டாக்ஸியில் ஏறி விழுந்தவருக்குக் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

மொழியை இன்றே தொடங்குங்கள், தினம் அரை மணி நேரம். எண்கள், வழி கேட்பது, 'மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள்', 'எனக்குப் புரியவில்லை' ஆகிய நான்கும் வாயில் தானாக வர வேண்டும்.

முதல் சில வாரங்கள் எல்லாம் புதிதாக, அழகாகத் தெரியும். பிறகு பலருக்கு ஒரு சரிவு வரும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், வீட்டு ஞாபகம் அழுத்தும். அந்த நாட்களில் திரும்பிவிடும் முடிவை எடுக்காமல், வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். ஆனால் பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒருவழி விமானச்சீட்டுக்கும் இரண்டு வாரச் செலவுக்குமான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதன் அட்டையை மற்ற அட்டைகளோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். அங்கே போனதும் உதவி கேட்டு வரும் முகங்கள் நிறைய இருக்கும். அவர்களுக்கானாலும் அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.