காதால் மட்டும் கற்கும் பிள்ளை உண்டா?

கேள்வி: பயிற்சி முகாம் ஒன்றில் இருபது கேள்விகள் கேட்டு, என் மகளை ‘காதால் கற்பவள்’ என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் எல்லாப் பாடத்தையும் ஒலிப்பதிவு செய்து கேட்க வைக்கிறேன். கேட்டதும் ‘புரிகிறது’ என்கிறாள். ஆனால் தேர்வில் இதயத்தின் படத்தில் பாகம் குறிக்க வரவில்லை. இன்னும் எத்தனை முறை கேட்க வைக்க வேண்டும்?

பதில்: அந்தப் பாடத்தை இனி ஒருமுறைகூட வேண்டாம். இதயத்தின் எந்த அறை எதற்கு மேல், எந்தக் குழாய் எங்கே கிளம்புகிறது என்பதெல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்து பிடிக்க வேண்டியவை. ‘வலது வெண்ட்ரிக்கிள்’ (இதயத்தின் வலது கீழறை) என்று நூறு முறை கேட்டவள், தாளின் வலப்பக்கத்தில்தான் குறிப்பாள். எதிரே நிற்பவரின் இதயமாக வரைவதால், படத்தில் அது நமக்கு இடப்பக்கம் இருக்கும். உச்சரிப்புக்குக் காது, முடிச்சுப் போடக் கை. எந்தப் புலன் என்று தீர்மானிப்பது பாடம். பிள்ளையின் ‘வகை’ அல்ல.

அந்த இருபது கேள்விகள் அளந்தது அவளுக்கு எது பிடிக்கும் என்பதை மட்டுமே. எது மனத்தில் தங்கும் என்பது வேறு. அதை அறிய, ‘காது வகை’யினரில் பாதிப் பேருக்குச் சொல்லியும் மீதிப் பேருக்குக் காட்டியும் கற்பிக்க வேண்டும், ‘கண் வகை’யினருக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. அவரவர் வகைக்கேற்பக் கற்றவர்கள் முந்தினால்தான், ‘வகைக்கேற்பக் கற்பித்தால் நன்றாக மனத்தில் தங்கும்’ என்ற கூற்று உண்மை. 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இப்படி முறையாகச் சோதித்தவை மிகச் சில; அவற்றிலும் பல, கூற்றுக்கு நேர் எதிரான முடிவையே காட்டின.

ஆளுக்கு ஆள் வேறுபாடே இல்லை என்று சொல்லவில்லை. மனக்கண்ணில் எந்தப் படமும் தோன்றாதவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் சீமன் அந்த நிலைக்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார். ஆனால் மூளை ஒரு புலனை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. ‘க’ என்று அசையும் உதடுகளைக் காட்டி ‘ப’ ஒலியைக் கேட்கவிட்டால், பலர் காதில் ‘த’ போல ஒன்று விழுகிறது. 1976-இல் உளவியல் ஆய்வாளர்கள் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் வெளியிட்டது இது. கேட்பதிலேயே கண்ணுக்கும் பங்கு உண்டு.

இனிச் செய்ய வேண்டியது: படத்தைப் பத்து நிமிடம் பார்க்கட்டும். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் தானே வரைந்து பாகம் குறிக்கட்டும். பிறகு திறந்து, தவறுகளை வேறு நிற மையில் திருத்தட்டும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, பார்க்காமலே வரையட்டும். நீங்கள் விளக்குவதானால், அவள் கண் படத்தில் இருக்கும்போது வாயால் சொல்லுங்கள். அச்சிட்ட வரியை அவள் வாசிக்கும்போது அதே வரியை நீங்களும் படித்துக் காட்டாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

‘புரிகிறது’ என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். பலமுறை கேட்டது பழகிப்போகும். பழக்கத்தைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 71தான். ஒரு வாரத்தில் நிலை தலைகீழ்: முன்னவர்களுக்கு 40, பின்னவர்களுக்கு 61.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவள் வாசிக்கவே மறுத்துக் கேட்பதை மட்டும் நாடுகிறாள் என்றால், கண் பரிசோதனை செய்யுங்கள். எழுத்துக்கூட்டுவதில் திணறுகிறாளா என்று உரிய நிபுணரிடம் காட்டுங்கள். ‘காதால் கற்பவள்’ என்ற முத்திரைக்குப் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடியின் தேவையோ, வாசிப்புக் குறைபாடோ வருடக்கணக்கில் மறைந்து கிடக்கலாம்.