40 வருடத்து ஊரணிக் கோப்பை ஒரே மனுவில் கேட்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஊரணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பாதிக்குமேல் தூர்ந்துவிட்டது, மீதியை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். யார் என்று தெரிந்துகொள்ள, சிவகங்கை மாவட்டம் பிரிந்த 1985-லிருந்து ஊரணி சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களின் நகலும் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ‘ஆவணங்கள் மிகுதி, நேரில் வந்து பார்வையிடலாம்’ என்று பதில் வந்திருக்கிறது. இது தட்டிக்கழிப்பதுதானே?
– ஒரு வாசகர், தேவகோட்டைப் பக்கம்

பதில்: அப்படிச் சொல்லமாட்டேன். நான் ஒரு அலுவலகத்தின் பதிவறையில் ஆறு வருடம் இருந்தவன். இந்த மாதிரி மனு வந்தால் பரணிலிருந்து துணிக்கட்டு ஒவ்வொன்றாக இறங்கும், முடிச்சு இறுகிக் கிடக்கும், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரித்தால் தாளின் ஓரம் அப்பளமாக உதிரும். ஊரணி என்று தலைப்புப் போட்ட கோப்பு அநேகமாக இருக்காது. ஒரு தாள் மீன் ஏலக் கோப்பில், இன்னொன்று தூர்வாரின செலவுச் சீட்டோடு, மற்றொன்று யாரோ கொடுத்த பட்டா மாறுதல் மனுவுக்கு அடியில் என்று கிடக்கும். இதைத் தேடுகிற அதே எழுத்தர்தான் சான்றிதழுக்காக வாசலில் நிற்கிறவருக்கும் பதில் சொல்லவேண்டும். 30 நாளில் பதில் போகாவிட்டால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விழலாம், அந்தப் பயமும் உண்டு.

அதற்காக உங்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அலுவலக வேலை அளவுக்குமீறிக் கெடும் என்றால், கேட்ட வடிவத்தில் தராமல் இருக்கலாம் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 7(9) பிரிவு. வேறு வடிவத்தில் தந்தாகவேண்டும். நேரில் பார்ப்பதும் குறிப்பெடுப்பதும் வேண்டிய பக்கத்துக்கு மட்டும் சான்றிட்ட நகல் வாங்குவதும் 2(j) பிரிவின்படி உங்கள் உரிமை, முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணமும் இல்லை. அதனால் போய்ப் பாருங்கள், ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

போவதற்கு முன்னால் ஒரு வேலை. தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம், அதாவது அந்த நிலம் என்ன வகை, எவ்வளவு பரப்பு என்கிற வருவாய்த்துறைக் குறிப்பு வந்துவிடும். வரத்துக்கால் ஓடும் புல எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், ‘இந்தப் புல எண்களில் இன்ன வருடத்திலிருந்து இன்ன வருடம்வரை செய்த உட்பிரிவு உத்தரவுகளும், அதற்கு முந்திய, பிந்திய புலப்படங்களும்’ என்று கேளுங்கள். உட்பிரிவு என்றால் ஒரு புல எண்ணைத் துண்டாகப் பிரிப்பது, புலப்படம் என்றால் அதன் அளவு வரைபடம். இதை எழுத்தர் அரை நாளில் எடுத்துவிடுவார், எல்லா ஆவணமும் என்றால் அவருக்கே எங்கே தொடங்குவது என்று தெரியாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் இருப்பது வேறு இடத்தில். பதிவேடுகளை அட்டவணை போட்டு வைக்கவேண்டும், கேட்காமலே வெளியிடக்கூடியதை வெளியிட்டுவிடவேண்டும் என்று 4-வது பிரிவு 2005-லேயே சொல்லிவிட்டது. ஊரணி, கண்மாய், வாய்க்கால் எல்லைகளை ஊர்வாரியாகச் சுவரில் ஒட்டியிருந்தால் உங்கள் மனுவே வந்திருக்காது, அந்த எழுத்தரும் பரண் ஏறியிருக்கமாட்டார். வேலை அதிகம் என்று சொல்கிற அலுவலகம் முதலில் இதைச் செய்யட்டும்.

சரி, போன இடத்தில் காட்ட மறுத்தால் நாள், நேரம் குறித்துக்கொண்டு மேல்முறையீடு செய்யுங்கள். பதில் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான், அந்தத் தேதியை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.