குடலில் இருப்பது யார், அங்கே நடப்பது என்ன? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: மலத்தைச் சோதித்து டி.என்.ஏ. அறிக்கை வாங்கினேன். பக்கம் பக்கமாக பாக்டீரியா பெயர்கள். நீங்கள் ஆராய்வதுபோல் மலத்திலுள்ள புரதத்தைப் பார்த்தால் இதைவிட என்ன தெரிந்துவிடப் போகிறது?

நிறையத் தெரியும். எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது, அவற்றால் என்னென்ன செய்ய முடியும் என்பதை டி.என்.ஏ. சொல்லும். இப்போது செய்கிறதா என்பது அதில் இல்லை. ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கில் குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்று யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொல்ல முடியுமா? செத்துப்போன பாக்டீரியாவின் டி.என்.ஏ.கூட அந்த அறிக்கையில் ஏறிவிடும்.

பாக்டீராய்டஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்று ஒரு குடல் பாக்டீரியா. மாவுச்சத்து கிடைத்தால், அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் சஸ்-சி, சஸ்-டி என்ற புரதங்களைத் தன் மேற்பரப்பில் நிறைய வைத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் குறைத்துக்கொள்ளும். மரபணு இரண்டு சமயத்திலும் அப்படியே இருக்கும், மாறுவது புரதம்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அதே மல மாதிரியில் உங்கள் உடம்பின் புரதங்களும் இருக்கின்றன. குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் மியூசின், பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏ, கணையத்தின் செரிமான என்சைம்கள் எல்லாம் அதில் வரும். 2009-ல் ஓர் இரட்டையரின் மலத்தை வைத்து வெளியான ஆய்வில், கிடைத்த புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மனிதருடையவை. பாக்டீரியா என்ன செய்கிறது, அதற்கு உடம்பு என்ன பதில் கொடுக்கிறது என்று இரண்டையும் ஒரே மாதிரியில் பார்க்க முடிவதால்தான் மெட்டாபுரோட்டியோமிக்ஸ் என்ற இந்தத் துறையை விட்டு நகர எனக்கு மனமில்லை.

கிளமெண்டி மாணவி: ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

உறையவைத்த மாதிரியில் பொடி மணிகளைப் போட்டு, கருவியில் வேகமாகக் குலுக்கி பாக்டீரியாவை உடைப்போம். கிராம் பாசிட்டிவ் எனப்படும் பாக்டீரியா வகைகளின் தடித்த சுவர் வெறும் கரைசலுக்கு லேசில் மசியாது, இங்கே அவசரப்பட்டால் அவை கணக்கிலேயே வராது. கையும் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் தோலின் கெரட்டின்தான் முதலில் தெரியும். அப்புறம் டிரிப்சின் என்ற என்சைம், லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வரும் இடங்களில் புரதங்களை வெட்டும். அந்தத் துண்டுகளைப் பிரித்து மின்னேற்றி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பினால், அந்தக் கருவி ஒவ்வொரு துண்டின் எடையையும் அளந்து, மேலும் உடைத்து, உடைந்ததையும் அளக்கும். புரதத்தைச் சிதைக்காமல் மின்னேற்றும் வழிகளைக் கண்டதற்காகத்தான் ஜான் ஃபென், கொய்ச்சி தனாகா இருவருக்கும் 2002-ன் வேதியியல் நோபெலில் பங்கு கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிரமம். அளந்ததைத் தெரிந்த புரத வரிசைகளின் பட்டியலோடு பொருத்தி, எந்தத் துண்டு எந்தப் புரதத்துடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். மனிதருக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. குடல் நுண்ணுயிர்களுக்கென்று தொகுத்த ஒரு பெரிய பட்டியலில் மட்டும் 17 கோடி புரத வரிசைகள். பட்டியல் பெருக்கப் பெருக்க, தற்செயலாகப் பொருந்துபவையும் பெருகும். தவிர, ஒரே துண்டு நெருங்கிய பல இனங்களில் இருக்கும், அப்போது பேரினம் அல்லது குடும்பம் வரைதான் நிச்சயமாகச் சொல்லலாம். அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தின் பெயரை அடித்துச் சொல்கிற கட்டுரையைப் படித்தால், எப்படி முடிவு செய்தார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள்.

ஈசூன் வாசகி: தினமும் இட்லி, தயிர் சாப்பிடுகிறோம். அந்த நல்ல பாக்டீரியா சோதனையில் தெரியுமா?

மாவைப் புளிக்கவைக்கும் லூகோனாஸ்டாக் போன்றவை ஆவியில் வெந்ததும் இறந்துவிடும். தயிரைச் சூடாக்காமல் சாப்பிட்டால் ஒரு பகுதி உயிரோடு போகும், ஆனால் பொதுவாக நிலைத்துத் தங்காது. சாப்பாட்டின் புரதமும் கருவியில் தெரியும் என்பதால் அரிசி, பருப்பு, பால் புரதங்களையும் தேடும் பட்டியலில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் அவை பாக்டீரியாவின் பெயரில் தப்பாகப் பொருந்திவிடலாம்.

தோ பாயோ வாசகர்: நம் செல்களைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு என்கிறார்களே?

பழைய கணக்கு. 2016-ல் திருத்திய மதிப்பீடு, பாக்டீரியா சுமார் 38 டிரில்லியன், நம் செல்கள் சுமார் 30 டிரில்லியன்.

உட்லண்ட்ஸ் வாசகி: பாலிகிளினிக்கில் இந்தச் சோதனையைக் கேட்கலாமா?

ஆயிரக்கணக்கான புரதங்களை ஒன்றாகப் பார்க்கும் இந்த முறை இன்னும் ஆராய்ச்சிக்கானதுதான். ஆனால் மலத்தில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடும் சோதனைகள் இருக்கின்றன. கால்புரோடெக்டின், குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்களிலிருந்து வருவது. ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளாலும் அது ஏறலாம், அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, 50 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடி ஆண்டுதோறும் செய்யச் சொல்லும் ஃபிட் சோதனை. அதுவும் புரதச் சோதனைதான், மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும், ஆட்டிறைச்சி சாப்பிட்டோமே என்ற கவலை வேண்டாம். குச்சியின் நுனிப் பள்ளங்களில் ஒட்டும் அளவு போதும், குழாயில் செருகி மூடி அனுப்பிவிடலாம். கூச்சப்பட்டுக்கொண்டு பெட்டியை அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். பாசிட்டிவ் வந்தால் மூல நோயாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாமல், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு நாள் வாங்குங்கள்.