பச்சை வாளி, நீல வாளி: டீச்சரிடம் கேளுங்கள்

போன இதழில் மொட்டை மாடித் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குப்பையையும் தண்ணீரையும் பற்றித்தான். சென்னை மாநகராட்சி செய்வது சரியா தப்பா என்று என்னிடம் கேட்டால் எப்படி? நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் பெரம்பூரில் முப்பத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். வாடைக்காற்று அடித்தால் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு என் சமையலறைக்கே வந்துவிடும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் பிரித்து வைக்கிறேன். கடைசியில் எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது? நான் ஏன் மெனக்கெட வேண்டும்?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஒரு நாள், இதை நேரில் பார்த்துவிடுவோம் என்று காலை ஆறரைக்கே கீழே போய் நின்றேன். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. வாட்ச்மேன் மாடி மாடியாக ஏறி, வாசலில் இருக்கும் வாளிகளை ஒரே கோணிப்பையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். "ஏன் அண்ணே இப்படி?" என்றேன். "நீங்களும் எதிர் வீட்டு அம்மாவும்தான் பிரிச்சு வெக்கிறீங்க. ரெண்டு வீட்டுக்காக நான் ரெண்டு தடவை படியேறணுமா?" என்றார். குப்பை எடுக்கிற பேட்டரி வண்டி அப்போது தெருமுனைக்குக்கூட வரவில்லை. எங்கள் படிக்கட்டிலேயே எல்லாம் கலந்துபோயிருந்தது. நான் என்னடாவென்றால், வண்டி ஓட்டுகிற பெண்ணை வருடக்கணக்காக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் கீழே மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று இரண்டு டிரம் வாங்கி வைத்தோம். அவரவர் குப்பையை அவரவரே கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்று முடிவு. முதல் வாரம் ஒரே சண்டை. "இதுக்கா மாசம் மாசம் மெயின்டனன்ஸ் கட்டறோம்?" என்று ஒருவர் கேட்டார். மூன்று மாதத்தில் ஒன்பது வீடு வழிக்கு வந்தது. ஒரு வீட்டில் இன்னும் டயாப்பரைப் பச்சை டிரம்மில்தான் போடுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

மெனக்கெடுவது எதற்கு என்றால், சாம்பார் பட்ட அட்டைப்பெட்டியைக் காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். அதே பெட்டி காய்ந்திருந்தால் எடை போட்டுக் காசு தருவார். ஈரம் பட்டதும் காசு குப்பையாகிவிடுகிறது. மறுபக்கம், காய்கறித் தோலோடு பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் சேர்ந்தால் அந்த உரத்தை எந்த விவசாயியும் வாங்க மாட்டார். சேத்துப்பட்டில் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். அங்கேயும் நம் பிளாஸ்டிக் போய்ச் சேர்ந்தால் அதைப் பொறுக்குவதற்கே பொழுது போய்விடும்.

மூன்றாவதாக ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். மத்திய அரசின் 2016 விதிகளிலேயே வீட்டு அபாயக் கழிவு தனியாக வைக்கப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தீர்ந்த பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா எல்லாம் இதில் சேரும். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகத் தர வேண்டும். உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பேனாவால் 'கண்ணாடி' என்று எழுதுங்கள். அதை எடுப்பது கைதான், இயந்திரம் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் கண் முன்னால் வண்டியிலேயே கலந்தால் 1913-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். எண் வாங்காத புகார் புலம்பல்தான்.

கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் 'பயோமைனிங்' என்கிறார்களே, குப்பை மலையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்?
– வாசகர், மாதவரம்

வேறிடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய குப்பையைத் தோண்டி எடுத்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துக் காய வைப்பார்கள். பிறகு பெரிய சுழலும் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். நம் பாட்டி மாவு சலித்தது மாதிரிதான், சல்லடை மட்டும் லாரி நீளத்துக்கு இருக்கும். மண் ஒரு பக்கம் விழும், கல்லும் செங்கல்லும் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். பிளாஸ்டிக், துணி, ரப்பர் எல்லாம் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது.

கொடுங்கையூர்க் கிடங்கு 250 ஏக்கருக்கு மேல், பெருங்குடி சுமார் 225 ஏக்கர். கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன் பழைய குப்பை என்று கணக்கிட்டு, சுமார் 640 கோடி ரூபாயில் வேலை தொடங்கினார்கள். சென்னை ஒரு நாளைக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. வகுத்துப் பாருங்கள். ஊர் முழுக்க மூன்றரை வருடம் போடுகிற குப்பை அந்த ஒரே இடத்தில் கிடந்திருக்கிறது.

இது நல்ல வேலை, தாமதமாக வந்த நல்ல வேலை. பெருங்குடியில் 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்காகப் புகைந்ததே, நினைவிருக்கிறதா? ஈரக்குப்பை காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் என்ற எரியும் வாயு உண்டாகிறது. அது பற்றிக்கொண்டால் மேலே தண்ணீர் அடித்து அணைப்பது லேசில்லை, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அந்தக் கிடங்கை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பிடித்த நிலம் அது. பக்கத்திலேயே குப்பைச் சாறு கசிந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒரு பக்கம் சலித்துக்கொண்டே மறுபக்கம் புதிதாகக் கொட்டினால்? என் கவலை அங்கேதான். அதனால்தான் வில்லிவாக்கம் அம்மாவுக்கு அவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன்.

குப்பையை எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? கொடுங்கையூரில் வேண்டாம் என்று ஏன் எதிர்க்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், அம்பத்தூர்

தம்பி, ஈர விறகில் அடுப்பு மூட்டியிருக்கிறீர்களா? நம் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி ஈரம்தான். இலை, சோறு, காய்கறித் தோல், தேங்காய் நார். டெல்லியில் திமார்ப்பூரில் 1987-லேயே டென்மார்க் உதவியோடு இப்படி ஓர் ஆலை கட்டினார்கள். நம் குப்பையில் எரிவதற்குப் போதிய சூடு இல்லை என்று சீக்கிரமே மூடிவிட்டார்கள். நன்றாக எரிய வேண்டுமானால் காய்ந்த பிளாஸ்டிக்கும் தாளும் வேண்டும். அவை மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள்கள். பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சு வரும். அதைப் பிடிக்க விலை உயர்ந்த வடிகட்டிகளும் ஓயாத கண்காணிப்பும் வேண்டும்.

வடசென்னைக்காரர்கள் ஏற்கெனவே எண்ணூர் அனல்மின் சாம்பல், மணலி ஆலைப் புகை, கொடுங்கையூர் நாற்றம் எல்லாவற்றையும் சுமக்கிறவர்கள். இன்னொரு புகைபோக்கி என்றால் கோபம் வராதா? எனக்கு வருகிறது. இந்த விஷயத்தில் நான் நடுநிலை இல்லை, மன்னிக்கவும்.

2003-ல் கட்டிய மழைநீர்த் தொட்டி வீட்டில் இருக்கிறது. இருந்தும் கோடையில் லாரித் தண்ணீர்தான். இந்தத் திட்டமே வீண்தானே?
– வாசகர், வேளச்சேரி

கடைசியாக எப்போது மூடியைத் திறந்து பார்த்தீர்கள்?

எங்கள் தொட்டியை 2019 ஜூனில்தான் முதல்முறையாகத் திறந்தோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த வருடம். அடுத்த மாதமே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தப் பதற்றத்தில் எங்களுக்குத் தொட்டி ஞாபகம் வந்தது. உள்ளே மணல் இறுகிப்போய் சிமென்ட் மாதிரி இருந்தது. அதற்கு மேல் பிள்ளைகள் எப்போதோ தொலைத்த மூன்று கிரிக்கெட் பந்து. பதினாறு வருடம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான்.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்தியது, சிதறியது எல்லாம் போக ஒரு லட்சம் லிட்டர் தேறும். 9,000 லிட்டர் லாரியில் பதினோரு லாரி!

புரட்டாசிக்குள் மேல்மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள், அல்லது மாற்றுங்கள். மாடியைப் பெருக்கிவிடுங்கள். முதல் மழையை வெளியே விடுங்கள், அதில் காக்கை எச்சமும் தூசியும்தான் வரும். ஆனால் வேளச்சேரி என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பெசன்ட் நகர் மணல் மாதிரி தண்ணீரை மடமடவென்று குடிக்கிற பூமி இல்லை உங்களுடையது, சதுப்பை ஒட்டிய களிமண். உறிஞ்சு குழியை மட்டும் நம்பாமல், வடிகட்டிய மழைநீரைத் தரைத்தொட்டிக்குத் திருப்பப் பாருங்கள். பெய்கிற அன்றே உபயோகத்துக்கு வரும்.

எங்கள் பகுதியில் 'மியாவாக்கி காடு' வைக்கப்போகிறார்களாம். நல்லதா?
– நலச்சங்க உறுப்பினர், சோழிங்கநல்லூர்

எந்த இடம் என்பதைப் பொறுத்தது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி சொன்னது, அந்தந்த மண்ணுக்குரிய மரங்களை, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளாக நெருக்கி நடுவது. கன்றுகள் வெயிலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு வளரும். கோட்டூர்புரத்தில் குப்பை கிடந்த இடத்தில் மாநகராட்சி 2020-ல் இதைச் செய்தது. அங்கே எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் சென்னையின் சொந்தக் காடு வானளாவிய காடு இல்லை. வறண்ட பசுமைமாறாக் காடு, குட்டையானது, புதர்கள் மண்டியது. கிண்டி தேசியப் பூங்காவில் பார்க்கலாம். காயாவும் வீரையும் உலக்கைப் பாலையும் மெதுவாகத்தான் வளரும், புயலுக்கு லேசில் சாயாது. 2016 டிசம்பரில் வர்தா அடித்த மறுநாள் எங்கள் தெருவில் விழுந்து கிடந்தவை குல்மோகரும் தூங்குமூஞ்சியும். பின்வாசல் வேம்பு ஒரு கிளையோடு தப்பித்தது.

முதலில் கன்றுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்த இடம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற புல்வெளி என்றால், தயவுசெய்து மரம் வைக்க விடாதீர்கள். சதுப்பு வெறும் காலி இடம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய உங்கள் ஊரில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

மஞ்சப்பை இயக்கம் வெறும் விளம்பரம்தானே?
– வாசகர், கோயம்பேடு

பாதி விளம்பரம்தான். 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1, 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது 2021 டிசம்பர். நடுவே மூன்று வருடம் கறிக்கடையில் கறுப்புக் கவர் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் உங்கள் சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தருகிற இயந்திரம் வைத்தார்களே, அது எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம் மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்கள். இப்போது என் பேத்தி அதைக் கல்லூரிக்கு மாட்டிக்கொண்டு போகிறாள்.

வீட்டு உரப் பானையில் எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, மீன் செதில் போடலாமா? வெள்ளைப் புழு வந்தால் தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

அட, நம்ம ஊர்! எலுமிச்சைத் தோல் கொஞ்சமாகப் போடுங்கள், அதிகமானால் புளிப்பேறி மக்குவது மந்தமாகிவிடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். வெள்ளைப் புழுவைப் பார்த்து அலற வேண்டாம், அதுவும் உங்களுக்காகத்தான் வேலை செய்கிறது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். ஒரு கை காய்ந்த சருகோ தென்னை நார்க் கழிவோ போட்டுக் கிளறுங்கள். மக்குவது மந்தமாக இருந்தால் ஒரு கரண்டி புளித்த மோர் போதும்.

மீன் செதிலை ஒரு தடவை போட்டேன். உரம் அருமையாக வந்தது, பானைதான் மிஞ்சவில்லை. தெருவில் உள்ள ஐந்து பூனைகளும் அன்று இரவு எங்கள் மாடியில்தான் இருந்தன.