தம்மாமுக்கு இந்த வருடமே அனுப்ப வேண்டுமா?

பெரியபட்டினத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு,

கடிதம் கிடைத்தது. மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கணக்கில் மார்க் சுமார்தான். வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் கேபிள் இழுக்கும் வேலையில் இருக்கிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஹெல்பர் விசா எடுத்துத் தருகிறேன் என்கிறார், அதற்கு நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். "எண்ணெய்க் கம்பெனியில் ஆபீஸ் பையனாக இருந்தவர் அந்தக் கம்பெனிக்கே தலைவராகவில்லையா, நம்ம பிள்ளையும் போனால்தானே மேலே வருவான்" என்று வீட்டுக்காரர் போனில் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் சொல்லும் மனிதர் அலி அல் நைமி. கதை உண்மைதான். 1935-ல் சவூதியின் கிழக்குப் பகுதியில் ஆடு மேய்த்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். 1947-ல், 12 வயதில், அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தார். 1984-ல் அதே நிறுவனத்தின் தலைவரானார். அதுவரை அந்த நாற்காலியில் அமெரிக்கர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1995 முதல் 2016 வரை அந்த நாட்டின் எண்ணெய் அமைச்சர். அராம்கோவின் தலைமையகம் இருக்கும் தஹ்ரான், தம்மாமுக்குப் பக்கத்து ஊர். அங்கே வேலை பார்க்கிறவர் காதில் இந்தக் கதை விழாமல் இருக்காது.

ஆனால் கதையின் நடுப்பகுதியை யாரும் சொல்வதில்லை. அந்தப் பையன் கம்பெனி நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தான். அப்புறம் கம்பெனியே அவரை பெய்ரூட்டுக்கும் அமெரிக்காவுக்கும் படிக்க அனுப்பியது. 1962-ல் லீஹை பல்கலைக்கழகத்தில் நிலவியல் பட்டம், அடுத்த வருடமே ஸ்டான்ஃபோர்டில் முதுகலை. ஆபீஸ் பையன் வேலைக்கும் தலைவர் பதவிக்கும் நடுவில் 37 வருடங்கள் இருக்கின்றன, அதில் பெரும்பகுதி படிப்பும் எண்ணெய் வயல் வேலையும்தான். அவர் அந்த மண்ணின் பிள்ளை, அவரை வளர்க்க வேண்டிய தேவை கம்பெனிக்கு இருந்தது. உங்கள் மகன் போகப்போவதோ ஒரு சப்-கான்ட்ராக்ட் கம்பெனிக்கு, ஹெல்பர் என்று எழுதிய விசாவில். அவனைப் படிக்க வைக்கும் தேவை அவர்களுக்கு இல்லை. கீழிருந்து தொடங்கட்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். கற்றுக்கொடுக்கிற இடமாகப் பார்த்துத் தொடங்கட்டும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் வேறு. லீவு நாளில் மோட்டார் காயில் கட்டும் கடையில் போய் நிற்கிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது குறையே இல்லை. நம் கடற்கரையில் இறால் பண்ணைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டார் எத்தனை எரிந்து வருகிறது என்று அந்தக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டைச் சுரண்டி, இன்சுலேஷன் பேப்பர் வைத்து, பழைய காயிலில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணி அதே அளவு புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கடைசியில் மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் என்ற கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இதைப் பக்கத்தில் நின்று பார்த்த பையனுக்கு மின் இயந்திரப் பாடம் புத்தகத்தில் வரும்போது பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு மோட்டாரும் ஏன் எரிந்தது என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு ஃபேஸ் போய்விட்டதா, பேரிங் இறுகிவிட்டதா, உப்புக்காற்றின் ஈரம் உள்ளே போனதா? இப்படிக் கேட்கப் பழகியவன்தான் பின்னாளில் பெரிய மின் நிலையத்தில் பொறுப்புக்கு வருவான்.

இப்போது வழி. முதலில் எனக்குத் தெரிய வேண்டியது, அவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தானா? அப்படியென்றால் பொறியியல் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். சுமாரான மார்க்குக்கும் அதில் வாய்ப்பு இருக்கிறது, அதனால் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது.

அது அமையாவிட்டால் பாலிடெக்னிக். பிளஸ் டூ-வில் அறிவியல் படித்தவன் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடப் படிப்பு. எலெக்ட்ரிக்கல் எடுக்கட்டும், அவன் மனசு அங்கேதான் இருக்கிறது. முடித்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ், உதவித்தொகையும் வரும். மின்வாரியமும் ஓ.என்.ஜி.சி. மாதிரி பொதுத்துறை நிறுவனங்களும் அப்ரென்டிஸ் எடுக்கின்றன. அந்த அனுபவத்தோடு எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் சான்றிதழுக்கு முயற்சி செய்யலாம். மேலே படிக்க ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் கதவும் திறந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவனாக இருந்தால், படிக்கும் காலத்தில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

பக்கத்திலேயே வேலை இருக்கிறதே, கமுதி சோலார் மின் நிலையத்தில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம், சுமார் 2,500 ஏக்கர். கட்டும்போதுதான் ஆள் நிறையத் தேவைப்படும், ஓட ஆரம்பித்துவிட்டால் குறைந்துவிடும். பேனல் துடைப்பதற்கே அங்கே ரோபோ இருக்கிறது. அங்கே நிலைக்கிற வேலை இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், சப்-ஸ்டேஷன் பக்கம்தான், அதற்கு டிப்ளமாவாவது வேண்டும். வழுதூர் எரிவாயு மின் நிலையத்துக்கும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை வரும் என்று பேச்சு இருக்கிறது. அதை நம்பி இப்போது எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபுராளி வீடுகளால், அதாவது கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறவர்களின் வீடுகளால், எழுந்த ஊர்கள் நம்முடையவை. கீழக்கரையில் 1927-ல் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் சின்ன வயதில் இலங்கைக்கு ரத்தின வியாபாரத்துக்குப் போனவர்தான். 1973-ல் துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கி, நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்தார். சம்பாதித்ததில் வண்டலூரில் 1984-ல் பொறியியல் கல்லூரி, சொந்த ஊரில் 1988-ல் பெண்களுக்குத் தாசிம் பீவி கல்லூரி. ஒன்பதாவது படிக்கும் மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் கல்லூரி உண்டு என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். அந்த நகை அவளுக்கும் சேர்த்துத்தான்.

ஏஜென்ட் விஷயம். சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். டிப்ளமாவும் இரண்டு வருட அனுபவமும் கையில் வந்த பிறகு, சென்னையில் இருக்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யலாம்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இப்படி ஆரம்பியுங்கள். அவருடைய சைட்டில் மின்சாரத்தை நிறுத்தி, வேலை தொடங்கலாம் என்று பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவர் யார், என்ன படித்தவர், என்ன சம்பளம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை மகனும் ஸ்பீக்கரில் கேட்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தான் என்பதை எனக்கு உடனே எழுதுங்கள், கவுன்சிலிங் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது.