ஆளுக்கு மூவாயிரம்: புரோக்கர் சொல்லாத கணக்கு

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். பி.எஃப். கட்டும் ஆட்கள் 32 பேர். மாதம் 14,000 சம்பளத்தில் நிரந்தரமாக நான்கு பேரும், சீசனுக்கு இருபது பேரும் எடுக்கப் போகிறேன். ஆளுக்கு மாதம் 3,000 மத்திய அரசிடமிருந்து வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் தலைக்கு 2,000 முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா உண்மையான திட்டம்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை புதிதாகச் சேரும் ஆட்களுக்காக முதலாளிக்கு மாதாமாதக் கணக்கில் மானியம் உண்டு. ஆனால் உங்கள் கணக்காளர் மாதாமாதம் போடும் பி.எஃப். ரிட்டர்னை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. பணம் பான் இணைத்த உங்கள் கணக்குக்கே வரும். நடுவில் இவருக்கு என்ன வேலை? பி.எஃப். பாஸ்வேர்டையும் கேட்பார், பாருங்கள். கொடுத்தால் வராத ஆளையெல்லாம் உங்கள் பெயரில் ஏற்றிவிடுவார். நோட்டீஸ் வரும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

அந்த 3,000 உங்களுக்கு இல்லை. பி.எஃப். பிடிக்கும் சம்பளம் 20,000-ஐத் தாண்டினால்தான் அது. 10,000-க்கு மேல் 20,000 வரை 2,000. அதற்குக் கீழே அதிகபட்சம் 1,000. அடிப்படை 9,000, மீதி அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டும் பழக்கம் இருந்தால் ஆயிரத்துக்குள் விழுந்துவிடுவீர்கள். சரி, 2,000 என்றே வைப்போம். 14,000-க்கு உங்கள் பங்கு பி.எஃப். கட்டணங்களோடு 13 சதவீதம், 1,820. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு 455. வருவது 2,000, போவது 2,275. மானியத்தை நம்பி ஆள் எடுக்காதீர்கள். தேவை இருந்தால் எடுங்கள்.

ஐம்பது பேருக்குக் குறைவான இடத்தில் கூடுதலாக இரண்டு பேராவது ஆறு மாதம் நிலைத்திருக்க வேண்டும். உங்கள் நான்கு பேர் தேறுவார்கள். உற்பத்தித் தொழில் என்பதால் முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் மானியம் இன்னும் இரண்டு ஆண்டு உண்டு.

சீசன் ஆட்களை மறந்துவிடுங்கள். பெங்களூரா மாங்காய் வரத்து நின்றதும் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இந்த வருஷம் மூன்று மாதம், அடுத்த வருஷம் மூன்று மாதம் என்று கூட்டி ஆறாக்க முடியாது. ஆலை மூடிய பிறகும் ஆள் இருப்பதுபோல் ரிட்டர்ன் போடலாம் என்று புரோக்கர் யோசனை சொல்வார். அது மோசடி. இந்தப் பக்கத்து ஆலைகள் பாதியும் சீசனில் ஓடுகிறவை என்று டெல்லியில் திட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

முதன்முறை பி.எஃப்.பில் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 வரை, இரண்டு தவணையில் அவர் கணக்குக்கே போகும். அதில் முதலாளி பங்கு கிடையாது. ஓசூர் கம்பெனியில் ஏற்கெனவே பி.எஃப். இருந்த பையனுக்கு அது வராது, ஆனால் உங்கள் மானியத்துக்கான ஆள் எண்ணிக்கையில் அவனும் சேர்வான். பழைய யுஏஎன்னை, அதாவது ஆளுக்கு ஒன்றாகத் தரும் பி.எஃப். எண்ணை, மறைத்துப் புதிது போடாதீர்கள்.

அப்புறம், மத்திய அரசின் உமாங் செயலியில் முகம் காட்டி யுஏஎன் எடுக்க வேண்டும். போன மாதம் ஒரு பட்டறையில் தகரக் கூரைக்கு வெளியே வெயிலில் ஒரு பெண்ணை நிறுத்தி எட்டு முறை கண் சிமிட்ட வைத்தோம். முகம் ஒருவழியாக ஏற்றது, இனிஷியல் ஏற்கவில்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் ஓர் எழுத்து. ஆள் சேரும் அன்றே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.